வியாழக்கிழமைகளில் விடுதலைப் பாட்டு

இத்தாலியின் பலெர்மோவில் அடுத்தவர் வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கு வியாழக்கிழமை பின்னேரம் சொந்தம். ஞாயிறு முழுநாள், வியாழன் அரைநாள். ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருக்கிறது, வழக்கமும் அதுதான். மூன்று மணியானால் லிபெர்த்தா வீதிப் பக்கத்து மாடிவீடுகளின் கதவுகள் வரிசையாகத் திறக்கும். கைப்பையோடும், வீட்டு எசமானிகளான சின்யோராக்கள் வேண்டாம் என்று தந்த சட்டைகளோடும் எங்கள் ஆட்கள் படியிறங்குவார்கள். அந்த நேரத்தில் நடைபாதையில் தமிழ் தெரியாதவர்தான் வெளிநாட்டுக்காரர்.

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அந்த அரைநாள்தான் கல்யாணம். மிகைப்படுத்தவில்லை. அவர் வயதுபோன மருந்துக்கடைக்காரர் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறார். இரவு படுக்கையும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, அவருக்கு மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினி. மிஞ்சுவது வியாழன் மூன்று மணியிலிருந்து ஏழு மணிவரை. அந்த நேரம் மகளுக்குக் கரப்பந்துப் பயிற்சி. போர்கோ வெக்கியோவில் இருக்கும் எங்கள் இரண்டு அறை வீட்டில் நாங்கள் இருவரும் சோறு தின்போம், அரைமணி சண்டை பிடிப்போம், ஒரு மணி நித்திரை கொள்வோம், எழும்பித் தேத்தண்ணி குடிப்போம். கிழமைக்கு நாலு மணித்தியாலம். அதற்குள் ஒரு குடும்பம் நடத்திப் பார்த்தால்தான் சண்டையைக்கூட எவ்வளவு சிக்கனமாகப் பிடிக்கவேண்டும் என்பது விளங்கும்.

என் சின்யோரா நல்ல மனிசி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாவம் வந்து சேரும். சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை, எழுபது தாண்டியும் நிமிர்ந்து நடப்பார். வாலிபத்தில் ஊர்வலம் போய்ப் பொலிஸிடம் அடி வாங்கிய தழும்பு முழங்காலில் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவார். பதினொரு வருடமாக அவர் வீட்டில் வேலை செய்கிறேன். என் வதிவிட அனுமதியை, பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்கும் நாட்களில் அவரே குவெஸ்தூரா பொலிஸ் கந்தோர் வரிசையில் என்னோடு வந்து நின்று உத்தியோகத்தரைத் திட்டியிருக்கிறார். இப்படிப்பட்டவரிடம் வேலை செய்வதில் ஒரே ஒரு தொல்லைதான். கோபம் வந்தால் வைத்துக்கொள்ள இடம் கிடையாது.

அவர் ஒரு பாட்டுக்குழுவில் இருந்தார். பதினாலு பேர். பெரும்பாலும் ஓய்வுபெற்ற சின்யோராக்கள், இரண்டு பல்வைத்தியர்கள், ஒரு விவாகரத்து வழக்கறிஞர். அமெரிக்காவின் கறுப்பு மக்கள் வாக்குப் போடும் உரிமைக்காகவும், வெள்ளைக்காரரோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிடும் உரிமைக்காகவும் தெருவில் இறங்கியபோது பிறந்த பாட்டுகள்தான் இவர்களுடைய தொழில். அவற்றைக் கேட்டுக் கேட்டு உருகி, அதே பாணியில் இத்தாலியனில் சொந்தமாகவும் பாட்டுக் கட்டுவார் குழுவின் மாஸ்டர். சந்தன நிறத்தில் கழுத்துத் துண்டு கட்டிய மனிதர். மெலிந்த விரல்கள். அநீதி என்ற சொல்லை எப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்லுவார்.

செவ்வாய்க்கிழமைகளில் தேவாலய மண்டபத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் மண்டபக் கூரையின் பூச்சு கழன்று பியானோவில் விழுந்தது. பாட்டின் வேகம் என்று பல்வைத்தியர் ஒருவர் சொன்னாராம். மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள். சின்யோராவின் வீட்டு வரவேற்பறை பெரிது, பியானோவும் உண்டு. மாஸ்டருக்கு வசதியான நாள் வியாழன், வசதியான நேரம் மூன்று மணி. இதற்குமேல் என்ன வேண்டும்.

"ரெண்டே ரெண்டு வியாழன்தான்," என்றார் சின்யோரா. அவர் கதைப்பது இத்தாலியன்தான், என் காதுக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வந்து விழும். "வேலை ஒண்டும் இல்லை. நீ சும்மா இஞ்சை இருந்தால் போதும். பாட்டும் கேக்கலாம். அதுக்குப் பதிலா புதன் காலமை எடுத்துக்கொள்ளு."

புதன் காலமை என் வீட்டுக்காரர் மருந்துக்கடைக்காரரைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார். இதை எப்படிச் சொல்வது? எனக்கு என் புருசனோடு சண்டை பிடிக்கவேண்டும் சின்யோரா, என்றா? "ஓம்" என்று சொல்லிவிட்டேன்.

சும்மா இருப்பது என்றால் என்னவென்று முதல் வியாழனே விளங்கியது. குசினியிலிருந்தும் படுக்கையறையிலிருந்தும் கதிரைகளைத் தூக்கிவந்து அரைவட்டமாக அடுக்குவது சும்மா. பதினாலு முறை கதவைத் திறந்து பதினாலு மேலங்கியை வாங்கித் தொங்கப்போடுவது சும்மா. பெரிய காப்பிக் கேத்தலில் மூன்று தடவை காப்பி வைப்பது, சீனி வேண்டாதவருக்குத் தனிக் கோப்பை, பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு வாதுமைப் பால், எல்லாம் சும்மா. பிறகு அவர்கள் நிமிர்ந்து நின்று, நெஞ்சில் கைவைத்து, அடிமைச் சங்கிலி அறுந்து விழுவதைப் பற்றிப் பாடினார்கள். நன்றாகத்தான் பாடினார்கள், குறை சொல்லக்கூடாது.

இடைவேளையில் மாஸ்டர் சரித்திரம் சொன்னார். அந்த நாட்களில் கறுப்பு மாணவர்கள் தங்களுக்குப் பரிமாற மறுத்த கடைகளுக்குப் போய், கதிரைகளில் இருந்துவிட்டு, அடித்தாலும் தலையில் சோஸ் ஊற்றினாலும் எழும்பாமல் இருந்தார்களாம். "அவர்கள் கேட்டது ஒரு கோப்பைக் காப்பி மட்டும்தான்," என்று கண்ணை மூடினார். நான் தட்டத்தோடு அவருக்குப் பின்னால் நின்றேன். கண்ணைத் திறக்கும்வரை பொறுத்திருந்து, "சீனி எத்தினை கரண்டி?" என்று கேட்டேன். இரண்டு என்றார்.

ஐந்து மணிக்கு வீட்டுக்காரர் போன் எடுத்தார்.

"பாட்டு முடிஞ்சுதோ?"

"இல்லை. இன்னும் விடுதலை கிடைக்கேல்லை."

"சோறு ஆறுது."

"நீங்கள் சாப்பிடுங்கோ."

"தனிய இருந்து சாப்பிடுறதெண்டால் நான் அங்கை கிழவனோடையே சாப்பிட்டிருப்பன்," என்று வைத்துவிட்டார்.

இரண்டு வியாழன் நாலாயிற்று. மண்டபக் கூரையைத் திருத்துவதற்கு ஒரு பொறியியலாளர் வரவேண்டும், அவர் வருவதற்கு ஒரு கடிதம் வரவேண்டும், கடிதம் வருவதற்கு ஒருவர் லீவு முடிந்து வரவேண்டும். நாலாவது வியாழன் நான் துணிந்து, "அடுத்த கிழமை நான் வீட்டை போகவேணும் சின்யோரா, வியாழன் என்ரை நாள்," என்று சொன்னேன். "ஓமோம், கட்டாயம்," என்று தோளைத் தட்டினார். அதே நேரம் மாஸ்டர் குசினி வாசலில் வந்து நின்றார். நான் கோப்பை கழுவிக்கொண்டே விரலால் தொட்டியில் தாளம் போட்டதை அவர் பார்த்துவிட்டார். தப்பித்தேன் என்று நினைத்த இடத்தில்தான் பிடிபட்டேன்.

அவருக்கு ஒரு பெரிய கவலை இருந்தது. இந்தப் பாட்டுகளுக்குக் கை தட்டவேண்டும். பதினாலு பேரும் பதினாலு இடத்தில் தட்டினார்கள். மாதக்கணக்காகப் படிப்பித்தும் சரிவரவில்லை. "உன் உடம்பில் அது இருக்கிறது," என்றார் என்னைப் பார்த்து. "உங்கள் ஆட்களின் இரத்தத்திலேயே இருக்கிறது. எங்களுக்குத்தான் இல்லை." நாங்கள் எந்த ஆட்கள் என்று அவர் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துக்கும் அமெரிக்காவுக்கும் நடுவில் இருக்கும் கடல் அவருடைய வரைபடத்தில் கொஞ்சம் ஒடுங்கியிருந்தது போல.

என்னை முன்வரிசையில் நிறுத்தினார்கள். பியானோ தொடங்கியது. எனக்குத் தெரிந்தபடி தட்டினேன். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் வாடகை மண்டபம் ஒன்றில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் இருந்து பஜனை பாடுவோம், அங்கே தட்டுகிற தட்டு. அடி விழுகிற இடத்தில் பளார் என்று தட்டி, போகப்போக வேகத்தைக் கூட்டி, கடைசியில் மூச்சு முட்டும் இடத்தில் நிறுத்துவது. மாஸ்டர் முதல் நாலு அடிக்கு முகத்தைச் சுளித்தார். பிறகு சுளிப்பு மெல்ல மாறியது. தான் இத்தனை காலம் பிழையாகப் படித்துவிட்டோமோ என்று அந்த மனிதர் யோசிப்பதை நான் கண்ணால் கண்டேன். "எல்லாரும் அவளைப் பாருங்கள்! அவளைப் பின்பற்றுங்கள்!" என்று கத்தினார். பதினாலு பேரும் ஒரே அடியில் தட்டினார்கள். மாதக்கணக்கில் முதல் தடவையாக. இரண்டு சின்யோராக்கள் அழுதார்கள்.

வீட்டில் தட்டிக் காட்டினேன். மகள் கரப்பந்துச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள். "அம்மா, அது ஸ்பல்யாத்தோ, பிழை. அந்தப் பாட்டுக்கு அடி விட்டு அடுத்த இடத்திலை தட்டோணும். நீங்கள் பஜனைக்குத் தட்டுற மாதிரித் தட்டுறியள்." போனில் ஒரு பாட்டைப் போட்டும் காட்டினாள். பிள்ளை சொன்னது சரி, நான் தட்டியது முழுப் பிழை. அடுத்த வியாழன் மாஸ்டரிடம் சொல்லியிருக்கலாம். அவரோ என்னைக் கண்டதும் பேனையை எடுத்துத் தன் தாளில் பழைய குறிகளை அடித்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார். படித்த மனிதர். அவர் வேலையில் நான் ஏன் தலையிடவேண்டும்?

இப்படித்தான் நான் குழுவில் சேர்ந்தேன். சேர்ந்த பிறகு விளங்கியது, இருந்த ஒரே வழியும் அடைபட்டுவிட்டது என்று. முன்பு வியாழனைத் திருப்பிக் கேட்கும்போது, அது என் லீவு நாள், நீங்கள் என்னிடம் வேலை வாங்குகிறீர்கள் என்றாவது சொல்லலாம். இப்போது நான் வேலைக்காரி இல்லையே, பாடகி. "நீ இப்ப எங்கடை விருந்தாளி," என்றார் சின்யோரா. பதினாலு பேருக்குக் காப்பி வைத்துக் கொடுத்த விருந்தாளி இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆறாவது வியாழன் மாஸ்டர் கேட்டார், "உங்கள் நாட்டிலும் போராட்டம் நடந்ததே. இப்படிப் பாட்டுகள் இருக்குமே?"

"இருந்தது."

"ஒன்று பாடிக் காட்டு."

"மறந்துபோச்சு," என்றேன். ஒரு சொல்லும் மறக்கவில்லை. மரத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் விடிய விடியக் கேட்ட பாட்டுகள். உரிமையைப் பற்றித்தான், இவர்களுடையதைவிட அழகான பாட்டுகள். என் அண்ணனுக்கு எல்லாம் பாடம். பதினெட்டு வயதில் அவற்றைப் பாடிக்கொண்டே இயக்கத்துக்குப் போனான். பாட்டு அதற்குப் பிறகும் பல வருடம் எங்கள் ஒழுங்கைக்கு வந்துகொண்டிருந்தது, அவன் வரவில்லை. அதை வாதுமை பிஸ்கட்டோடு தட்டத்தில் வைத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மாஸ்டர் என் முகத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அன்று அவர் கண்ணை மூடியது எனக்கும் வசதியாக இருந்தது.

குழு மேடையில் பாடும் நிகழ்ச்சிக்கு நாள் குறித்தார்கள். மாஸ்டர் தன் உச்சப் பாட்டை வெளியே எடுத்தார். நாள் முழுக்க வேலை செய்துவிட்டு பஸ்ஸில் ஏறி இருந்த ஒரு கறுப்புப் பெண், வெள்ளைக்காரனுக்கு இடம் விடச் சொன்னபோது எழும்ப மறுத்த கதை. அவரே இத்தாலியனில் எழுதியது. "களைத்துவிட்டேன், இன்றைக்கு எழும்ப மாட்டேன்" என்று திரும்பத் திரும்ப வரும். அந்தப் பெண்ணாக நடுவில் ஒரு கதிரையில் நான். சுற்றிவர அவர்கள் நின்று பாடுவார்கள். நான் பாடத் தேவையில்லை, இருந்தால் போதும். பதினொரு வருடத்தில் அந்த வீட்டில் எனக்குத் தந்த வேலைகளில் ஆகச் சுகமானது அதுதான்.

எட்டாவது வியாழன் கடைசி ஒத்திகை. அதற்கு முதல்நாள் மறுபடியும் கேட்டிருந்தேன், நாளைக்காவது மூன்று மணிக்கு விடுங்கோ என்று. வீட்டுக்காரர் இப்போது போனும் எடுப்பதில்லை, ஏழு மணிக்கு நான் வீடு போய்ச் சேரும்போது கழுவிய கோப்பையும் மடித்த போர்வையும்தான் இருக்கும். சின்யோரா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பாட்டின்ரை இதயமே நீதான். இதயம் லீவு கேக்கலாமோ?" என்றார். அன்று இரவு சின்யோரா மேல் எனக்கு வந்த கோபத்தைச் சட்டி பானைமேல் காட்டினேன். மகள் பயந்துபோய்த் தானாகவே பாடம் படித்தாள்.

ஆக, நான் கதிரையில் இருந்தேன். கதிரை, கதவு, மேலங்கி, காப்பி எல்லாம் முடித்துவிட்டுத்தான். கால் உளைந்தது. மாஸ்டர் கையை உயர்த்தினார், பாட்டு எழும்பியது. அதன் நடுவில் வாசல் மணி அடித்தது.

யாரும் நிறுத்தவில்லை, உச்சம் வந்துகொண்டிருந்தது. மணி மறுபடி அடித்தது. சின்யோரா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். வாய் "எழும்ப மாட்டேன்" என்று பாடுகிறது, கண் கதவைத் திற என்கிறது. நான் பார்க்காதது மாதிரி இருந்தேன். புருவத்தைக் காட்டினார். பிறகு நாடியால் வாசலைக் காட்டினார். மூன்றாவது மணி நீளமாக அடித்தது. இப்போது பதினாலு பேரும் பாடிக்கொண்டே என்னைப் பார்த்தார்கள். களைத்துவிட்டேன், இன்றைக்கு எழும்ப மாட்டேன், களைத்துவிட்டேன், இன்றைக்கு எழும்ப மாட்டேன். அத்தனை முகத்திலும் ஒரே கேள்வி, இவள் ஏன் எழும்புகிறாள் இல்லை?

வீரம் ஒன்றும் வரவில்லை எனக்கு. பயம்தான் வந்தது. பதினொரு வருட வேலை, பெர்மெஸ்ஸோ, மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்த மணிச் சத்தத்தில் தொங்கின. ஆனால் எழும்பவில்லை. பாட்டு அறுந்து நின்றது. பியானோவும் நின்றது. சின்யோரா தானே நடந்துபோய்த் தன் வீட்டுக் கதவைத் திறந்தார்.

வாசலில் என் வீட்டுக்காரர் நின்றார். தலை வாரி, கோயிலுக்குப் போடும் சேட்டுப் போட்டு, கையில் ஒரு பார்சல். சோறு, மீன்குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல். வாசம் வரவேற்பறைக்குள் வந்து எல்லோருடைய மூக்கிலும் ஏறியது. அவருக்கு இத்தாலியன் என்னைவிடக் குறைவு. "என்ரை மனிசி," என்று மட்டும் சொன்னார்.

நான் யாருக்கு எதிராக அசையாமல் இருந்தேனோ அவர்கள் எல்லோரும் உள்ளே வசதியாக நின்றார்கள். என் போராட்டத்தால் வெளியே நின்று கால் கடுத்தது என் புருசனுக்கு மட்டும்தான்.

மாஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். கண்கள் பிரகாசித்தன. "பாடுவாரா? எங்களுக்கு அடிக்குரல் ஒன்று குறைகிறது," என்றார்.

அப்போதுதான் எழும்பினேன். கைப்பையை எடுத்தேன். "வியாழன் என்ரை நாள், சின்யோரா. நான் போறன். இனி எல்லா வியாழனும் போறன்," என்றேன். சின்யோரா என்னைப் பார்த்தார், பார்சலைப் பார்த்தார், பிறகு எதையோ கணக்குப் பார்க்கிற மாதிரி நிலத்தைப் பார்த்தார். "எட்டுக் கிழமை," என்றார் மெதுவாக. "கடவுளே." கதவை எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார். சொன்னேனே, நல்ல மனிசி என்று.

வீட்டுக்குப் போகிற பாதி வழியில், பொலித்தியாமா சதுக்கத்தில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து பார்சலைப் பிரித்தோம். கடைகளுக்குப் போகிறவர்கள் நாங்கள் கையால் குழைத்துச் சாப்பிடுவதை விலகிநின்று பார்த்தார்கள்.

"பத்து நிமிசமாய் மணி அடிச்சுக்கொண்டு நிண்டனான். கதவைத் திறக்க உமக்கு என்ன?" என்றார்.

"நான் உரிமைக்காக இருந்தனான்."

"எனக்குக் கதவைத் திறந்துபோட்டு வந்து இருந்திருக்கலாம்தானே அந்த உரிமைக்கு?"

எட்டு வியாழன் சேர்த்து வைத்த சண்டை அங்கே தொடங்கியது. மீனில் உப்புக் குறைவென்றேன், தனியாகச் சமைத்தால் அப்படித்தான் என்றார். ஏழு மணிவரைக்கும் நிற்காமல் பிடித்தோம். அவ்வளவு சந்தோசமாக நான் சண்டை பிடித்து நாளாகியிருந்தது.

நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறொரு தேவாலயத்தில் நடந்தது. சின்யோரா தானே அழைத்தார், மகளோடு போய்ப் பின்வரிசையில் இருந்தேன். நடுவில் அந்தக் கதிரையை வெறுமையாக வைத்திருந்தார்கள். இன்று இங்கே இல்லாத எல்லாப் பெண்களுக்குமாக அது காலியாக இருக்கிறது என்று மாஸ்டர் கண்ணை மூடிச் சொன்னார். நான் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய கைதட்டலைவிட என் கதிரைக்குக் கூடத்தான் கிடைத்தது. பிறகு பாட்டுத் தொடங்கி, அடி விழுகிற இடத்தில் பளார் பளாரென்று தட்டி, வேகம் கூடிக் கூடி, கடைசியில் மூச்சு முட்டி நின்றது. அமெரிக்கப் போராட்டப் பாட்டு பிள்ளையார் பஜனையாகவே முடிந்தது. சனம் எழுந்து நின்று ஆரவாரித்தது. "அம்மா, இது உங்கடை வேலை," என்று மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த வியாழன் மூன்று மணிக்கு நான் வீட்டில் இருந்தேன். சாப்பிட்டோம். சண்டைக்கு ஒன்றும் மிச்சமில்லை. அவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு, கதவுக்கு வெளியே நின்று கேட்ட மெட்டை வாய்க்குள் முனகினார். அது என்ன பாட்டு என்று கேட்டார். சொன்னேன். ஒரு பெண், நாள் முழுக்க வேலை, பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறாள், எழும்பச் சொல்கிறார்கள், எழும்பவில்லை.

மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார். நித்திரையாகிவிட்டார் என்று நினைத்தேன்.

"பிறகு அவ வீட்டை போய்ச் சேர்ந்தவவோ?" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். அத்தனை முறை கேட்ட பாட்டில் ஒரு வரியில்கூட அது இல்லை.